சென்ஸஸ் கணக்கில் யார் வேலை செய்பவர், யார் வேலையில்லாதவர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2001, 2011 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன பள்ளி ஆசிரியர் நான். ஓய்வு பெற்றபின் டிஎன்பிஎஸ்சி எழுதும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லித் தருகிறேன். அன்று வாசல்படியில் கேட்ட சந்தேகங்களைத்தான் இன்று வகுப்பிலும் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். 2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், இங்கே வரும் சென்ஸஸ் எண்களும் விதிகளும் பெரும்பாலும் 2011-க்கு உரியவை.

சார், 2011 சென்ஸஸ்ல வேலை செய்றவங்க 39.8 சதவீதம்னு போட்டிருக்கு. அப்போ மீதி 60 சதவீதம் பேர் வேலையில்லாதவங்களா?

இல்லை. அந்த 39.8 சதவீதம் மொத்த மக்கள்தொகைக்குப் போட்ட கணக்கு. தொட்டில் குழந்தை, பள்ளிப் பிள்ளை, படுத்த படுக்கையான பாட்டி எல்லோரும் அந்த 121 கோடிக்குள் இருக்கிறார்கள். அவர்களில் 48.17 கோடிப் பேர் வேலை செய்பவர்கள். மீதிப் பேரை சென்ஸஸ் ‘வேலை செய்யாதோர்’ என்கிறது. வேலை செய்யாதவர் வேறு, வேலையில்லாதவர் வேறு. வேலை இல்லாமல் இருந்து, வேலை வேண்டும் என்பவரைத்தான் வேலையில்லாதவர் என்கிறோம். ஆறாம் வகுப்புப் பையன் வேலை செய்யாதவன். அவனை வேலையில்லாதவன் என்று யாரும் சொல்வதில்லை.

வேலையின்மை விகிதத்துக்கு வகுக்கும் எண்ணே வேறு. ஒரு தெருவில் 100 பேர். 40 பேர் வேலை செய்கிறார்கள், 2 பேர் தேடுகிறார்கள். உழைப்புச் சந்தையில் நிற்பவர்கள் 42 பேர்தான். 2-ஐ 42-ஆல் வகுத்தால் சுமார் 4.8 சதவீதம். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதில் பாதி தானாக விளங்கிவிடும். செய்தித்தாளில் எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் ‘எத்தனை பேரில்?’ என்று முதலில் கேளுங்கள்.

வேலைன்னா சம்பளம் வாங்கணும்தானே?

தேவையில்லை. கூலியோ சம்பளமோ லாபமோ கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பொருளாதார ரீதியில் உற்பத்தியான எந்தச் செயலில் பங்கெடுத்தாலும் அது வேலை என்பது சென்ஸஸ் விதி. உடலால் செய்வது மட்டுமல்ல, மேற்பார்வை பார்ப்பதும் சேரும். அப்பாவின் மளிகைக் கடையில் சாயங்காலம் உட்கார்ந்து பொட்டலம் கட்டும் மகன், சொந்த வயலில் களை பறிக்கும் மருமகள் ஆகியோர் காலணா வாங்காவிட்டாலும் தொழிலாளர்கள்தான். விடுப்பு, உடம்பு சரியில்லை, வேலைநிறுத்தம் என்று வீட்டில் இருப்பவரும் தொழிலாளரே. ஆர்டர் கையில் வந்து இன்னும் சேராதவர் மட்டும் சேரமாட்டார்.

நீங்க வர்ற அன்னைக்கு எனக்கு வேலை இல்லைன்னா ‘இல்லை’ன்னு எழுதிருவீங்களா?

மாட்டோம். சென்ஸஸ் அன்றைய நாளைப் பார்ப்பதில்லை, கடந்த ஒரு வருஷத்தைப் பார்க்கிறது. அந்த வருஷத்தில் 183 நாளோ அதற்கு மேலோ, அதாவது ஆறு மாதமாவது வேலை செய்தவர் ‘முதன்மைத் தொழிலாளர்’. அதற்குக் குறைந்தால் ‘குறுகிய காலத் தொழிலாளர்’. ஆங்கில அட்டவணைகளில் மெயின், மார்ஜினல் என்று இருப்பது இவர்கள்தான். ஒரு நாள்கூட வேலை செய்யாதவர்தான் வேலை செய்யாதோர். 2011-ல் குறுகிய காலத்தையும் இரண்டாக உடைத்தார்கள்: மூன்று முதல் ஆறு மாதம், மூன்று மாதத்துக்கும் குறைவு.

விசைப்படகில் கடலுக்குப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் இப்போது ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடை. அந்தச் சமயத்தில் அவரைக் கேட்டால் ‘வேலை இல்லை’ என்றுதான் சொல்வார். வருஷக் கணக்கில் பார்த்தால் அவர் முதன்மைத் தொழிலாளர். விவசாய நாட்டுக்கு வருஷக் கணக்குதான் பொருந்தும் என்பது என் எண்ணம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. போன வருஷம் எத்தனை நாள் வேலைக்குப் போனோம் என்று யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்? ‘தைப்பொங்கல் முடிஞ்சு அறுப்பு, அப்புறம் சித்திரையில கட்டட வேலை...’ என்று விரல் விட்டுத்தான் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

நான் ரெண்டு மாசம் கரும்பு வெட்டுவேன், மூணு மாசம் சொந்த நிலத்துல பாடு, ரெண்டு மாசம் சித்தாள் வேலை. எதுலயுமே ஆறு மாசம் வரலையே?

மொத்தமாகக் கூட்டுங்கள். ஏழு மாதம் வருகிறது, நீங்கள் முதன்மைத் தொழிலாளர். எந்த வகையில் எழுதுவது என்பதற்கு, அதிக காலம் எதில் போனதோ அது. உங்களுக்குச் சொந்த நிலத்துப் பாடு, ஆகவே ‘சாகுபடியாளர்’. கரும்பு வெட்டியதும் சித்தாளாகப் போனதும் அந்தக் கட்டத்தில் தெரியாது. ஒரு மனிதனுக்கு ஒரு கட்டம்தான்.

100 நாள் வேலைக்கு மட்டும் போனா எதுல வரும்?

2011-ல் ஊரெங்கும் கேட்ட கேள்வி இது. நூறு நாளும் முழுசாகக் கிடைத்திருந்தால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல், ஆகவே குறுகிய காலத் தொழிலாளரில் முதல் பிரிவு. 40, 50 நாள்தான் கிடைத்தது என்றால் இரண்டாம் பிரிவு. இரண்டில் எதுவாக இருந்தாலும் ‘தொழிலாளர்’ மொத்தத்துக்குள் வந்துவிடுவார்கள். அந்த 48.17 கோடியில் முதன்மைத் தொழிலாளர் 36.24 கோடி, குறுகிய காலம் 11.93 கோடி. அதாவது ஏறக்குறைய நாலில் ஒருவர் வருஷத்தில் பாதிகூட வேலை பார்க்காதவர். ‘இத்தனை கோடிப் பேருக்கு வேலை இருக்கிறது’ என்று மேடையில் யாராவது சொன்னால் இந்த நாலில் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்க அம்மா காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை செய்றாங்க. அவங்க ‘வேலை செய்யாதவர்’னா எந்த ஊர் நியாயம் சார்?

நியாயம் என்று நான் சொல்லவில்லை. விதியைச் சொல்கிறேன். சமைப்பது, துவைப்பது, தண்ணீர் எடுப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் சென்ஸஸ் கணக்கில் ‘வீட்டுக் கடமை’. வேலை செய்யாதோருக்குள் மாணவர், பிறரைச் சார்ந்திருப்பவர், ஓய்வூதியர் மாதிரி இதுவும் ஒரு பிரிவு. அதே சமையலை அடுத்த வீட்டில் சம்பளத்துக்குச் செய்தால் தொழிலாளர்.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறு. விதிப்படி தொழிலாளராக வரவேண்டிய பெண்களே விட்டுப்போகிறார்கள். நான் போனது தென்காசிப் பக்கத்து ஊர்கள், அப்போது திருநெல்வேலி மாவட்டம். திண்ணையில் இருக்கும் பெரியவரிடம் ‘வீட்ல அம்மா என்ன பண்றாங்க?’ என்றால் ‘அவ சும்மாதான் இருக்கா’ என்பார். அந்தச் சும்மா இருப்பவர் அதே நேரம் உள்ளே பீடித் தட்டை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருப்பார். ‘பீடி சுத்துறாங்களே?’ என்றால், ‘அது வீட்ல இருந்துக்கிட்டே செய்றதுதானே, வேலைக்கா போறா?’ என்று பதில் வரும். அவரைப் பொறுத்தவரை வேலை என்றால் வாசலைத் தாண்டிப் போவது.

‘வேலைக்குப் போறாங்களா?’ என்று கேட்டால் இல்லை என்று வரும். ‘போன வருஷம் வயல்ல நடவு, களை, அறுப்பு? ஆடு மாடு? பீடி, பூக்கட்டு, தையல்?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஆமாம் என்று வரும். பயிற்சியில் இப்படித் துருவிக் கேட்கத்தான் சொல்லித் தந்தார்கள். ஒரு கணக்கெடுப்பாளருக்கு 600-க்கும் மேற்பட்ட ஆட்கள், பிப்ரவரியில் இருபது நாள், நடுவில் பள்ளி வேலையும் உண்டு. எல்லா வாசலிலும் நான் துருவிக் கேட்டேன் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

2011 கணக்கில் பெண்களில் 25.5 சதவீதம் பேர் தொழிலாளர், ஆண்களில் 53.3. கிட்டத்தட்ட 15 கோடிப் பெண் தொழிலாளர்களில் 6 கோடிப் பேர் குறுகிய காலத் தொழிலாளர்கள். அந்த 6 கோடியை இன்னொரு ஆள் இன்னொரு விதமாகக் கேட்டிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

எங்க வீட்ல ஒரு மாடு இருக்கு. பாலை விக்கிறதில்ல, நாங்களே குடிச்சிருவோம். அதுவும் வேலையா?

ஆமாம். 2001-லிருந்து இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். சாகுபடியும் பால் உற்பத்தியும் சொந்த வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றாலும் வேலைதான். விற்கிறோமா இல்லையா என்பது இந்த இரண்டுக்கும் பொருட்டில்லை. பால் கறந்தால் வேலை, அந்தப் பாலைக் காய்ச்சினால் வீட்டுக் கடமை. சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகவேண்டும்?

தொழிலாளர்ல எத்தனை வகை?

சென்ஸஸ் அட்டவணைகளில் நாலு. சாகுபடியாளர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் செய்வோர், பிற தொழிலாளர். 2011-ல் நாட்டில் முறையே 24.6, 30, 3.8, 41.6 சதவீதம். நாலாவது கட்டம் பெரிய கோணிப்பை. கலெக்டரும் அதில்தான், ஆட்டோ ஓட்டுநரும் அதில்தான். அவர்களைப் பிரித்துக் காட்டத்தான் தொழில் என்ன, எந்தத் துறை, முதலாளியா, கூலியாளா, தனியாகச் செய்பவரா, குடும்பத்துக்காக உழைப்பவரா என்று அடுத்தடுத்த கேள்விகள் இருக்கின்றன.

வீட்டுத் தொழில் என்பதற்கு ஒரு நுணுக்கம் உண்டு. கிராமத்தில் என்றால் வீட்டிலோ ஊருக்குள்ளேயோ நடக்கலாம். நகரத்தில் என்றால் வீட்டு வளாகத்துக்குள்ளேயே நடக்கவேண்டும். பதிவு பெற்ற தொழிற்சாலை அளவுக்கு இருக்கக்கூடாது. பொருள் செய்வது, பதப்படுத்துவது, பழுது பார்ப்பது மாதிரியான தொழிலாகவும் இருக்கவேண்டும். மேலே சொன்ன பீடிக்காரம்மா இதில் வருவார், யாராவது எழுதினால்.

பொள்ளாச்சில எங்களுக்கு எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு. நாங்க சாகுபடியாளர்தானே?

இல்லை! வகுப்பில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தேயிலை, காபி, ரப்பர், தென்னை, பாக்கு ஐந்தையும் சென்ஸஸ் ‘சாகுபடி’யில் சேர்ப்பதில்லை. அவை தோட்டப் பயிர்கள். அந்த வேலை செய்பவர் உரிமையாளராக இருந்தாலும் கூலியாளாக இருந்தாலும் ‘பிற தொழிலாளர்’. நெல், கம்பு, கரும்பு, கடலை, மரவள்ளி, பருத்தி, காய்கறி, பழத்தோட்டம் எல்லாம் சாகுபடி. ஆக உங்கள் அப்பா கலெக்டர் இருக்கும் கட்டத்தில் இருக்கிறார்.

நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சென்னையில் உட்கார்ந்திருப்பவரும் சாகுபடியாளர் ஆகமாட்டார், பட்டா அவர் பெயரில் இருந்தாலும். குத்தகைக்கு எடுத்து உழுபவர்தான் சாகுபடியாளர். லாப நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. அந்தப் பாரம் இல்லாமல் கூலிக்கோ நெல்லுக்கோ அடுத்தவர் நிலத்தில் உழைப்பவர் விவசாயக் கூலி.

தமிழ்நாட்டுல பத்து வருஷத்துல ஒம்பது லட்சம் விவசாயிங்க காணாம போயிட்டாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா?

எண் நிஜம். சாகுபடியாளர்கள் 2001-ல் சுமார் 51 லட்சம், 2011-ல் சுமார் 42 லட்சம். அதே பத்து வருஷத்தில் விவசாயக் கூலிகள் சுமார் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாக ஏறினார்கள். நிலத்தை விற்றவர்கள், குத்தகையை விட்டவர்கள், வயதாகி ஓய்ந்தவர்கள் இருப்பார்கள். சொந்த நிலம் இருந்தும் கூலிக்குப் போன நாட்கள் அதிகமாகி, ‘ஒரு மனிதனுக்கு ஒரு கட்டம்’ விதியால் கட்டம் மாறியவர்களும் இருப்பார்கள். அந்த ஆளுக்குப் பத்து சென்ட்கூடக் குறைந்திருக்காது.

எது எத்தனை என்று சென்ஸஸ் சொல்லாது. ஒரே ஆளைப் பத்து வருஷம் பின்தொடரும் வேலை அதற்குக் கிடையாது. தென்னைக்கு மாறியவர்களும் சாகுபடியாளர் கட்டத்தை விட்டு வெளியேறுவார்கள் என்பதை முந்தின பதிலிலிருந்தே ஊகிக்கலாம். ‘விவசாயத்தை விட்டு ஓடினார்கள்’ என்று ஒரே வரியில் எழுதுவது அவசரம். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதும் பொய்.

வாடகை, வட்டி, பென்ஷன் வாங்குறவங்க? பிச்சை எடுக்கிறவங்க?

எல்லோரும் வேலை செய்யாதோர். மாதம் ரெண்டு லட்சம் வாடகை வாங்கினாலும் அதற்காக உழைப்பு ஏதும் இல்லையென்றால் அப்படித்தான். வருமானம் வேறு, வேலை வேறு. பென்ஷன் வாங்கிக்கொண்டு டியூஷன் எடுக்கும் நான் தொழிலாளர்.

பத்து வயசுப் பையன் வேலை செஞ்சா அதையும் எழுதுவீங்களா? சட்டப்படி தப்பாச்சே?

சட்டத்தில் தப்பா சரியா என்பதை சென்ஸஸ் பார்ப்பதில்லை. நடப்பதை எழுதுகிறது, வயது வரம்பும் கிடையாது. 2001-ல் 5 முதல் 14 வயதுக்குள் 1.26 கோடிக் குழந்தைத் தொழிலாளர்கள் இருந்தார்கள், 2011-ல் சுமார் 1.01 கோடி. பெற்றோர் பயந்து மறைத்தவை இதற்குள் வராது.

நான் பி.இ. முடிச்சு ரெண்டு வருஷமா வேலை தேடிட்டிருக்கேன். என்னை எங்க எழுதுவாங்க?

போன வருஷத்தில் எந்த வேலையும் செய்யவில்லை என்றால் நீங்கள் வேலை செய்யாதவர். அதன்பின் ஒரு கேள்வி வரும்: வேலை தேடுகிறாரா, அல்லது கிடைத்தால் செய்யத் தயாராக இருக்கிறாரா? ‘ஆம்’ என்று சொல்லுங்கள். சென்ஸஸில் வேலையின்மையைப் பிடிக்கும் ஒரே கண்ணி அந்தக் கேள்விதான். அப்பா சொல்லும் பதிலாக இருந்தால் ‘பையன் பரீட்சைக்குப் படிக்கிறான்’ என்று மாணவன் கட்டத்தில் போய் நின்றுவிட வாய்ப்பு அதிகம். மகன் சும்மா இருக்கிறான் என்று வாத்தியாரிடம் சொல்ல எந்த அப்பாவுக்கு மனசு வரும்?

இந்தக் கேள்வி வேலை செய்யாதோருக்கு மட்டுமல்ல, குறுகிய காலத் தொழிலாளருக்கும் உண்டு. இதை நினைவில் வையுங்கள், அடுத்த பதிலுக்கு வேண்டும்.

2011 சென்ஸஸ்படி 11 கோடிக்கும் மேல வேலை தேடுறாங்க. ஆனா 2011-12 என்.எஸ்.எஸ். சர்வேல வேலையின்மை வெறும் 2.2 சதவீதம். ஆள் கணக்குல பார்த்தா சுமார் ஒரு கோடி. யார் பொய் சொல்றாங்க?

யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம். வருஷத்தில் 70 நாள் நடவும் களையெடுப்பும். மீதி நாள் வீட்டில். ‘வேலை குடுத்தா வருவீங்களா?’ என்றால் ‘ஏன் வரமாட்டேன்?’ என்கிறார்.

சென்ஸஸ் இவரை மூன்று மாதத்துக்கும் குறைவான குறுகிய காலத் தொழிலாளர் என்று 48.17 கோடிக்குள் எழுதும். அதோடு ‘வேலை தேடுபவர், தயாராக இருப்பவர்’ என்று அந்த 11 கோடிக்குள்ளும் எழுதும். ஒரே ஆள் இரண்டு அட்டவணையிலும் நிற்பார்.

என்.எஸ்.எஸ். என்கிற தேசிய மாதிரி ஆய்வு இரண்டு கேள்வி கேட்கும். வருஷத்தில் பெரும்பகுதி நேரம் எதில் போனது? அதற்கு அப்பால் 30 நாளுக்குக் குறையாமல் ஏதாவது வேலை செய்தாயா? இரண்டாவதற்கு இந்தப் பெண்ணின் பதில் ‘ஆம், 70 நாள்.’ அவ்வளவுதான், வேலையில் இருப்பவர் ஆகிவிட்டார். அவர் அந்த 2.2 சதவீதத்தில் வரவே முடியாது. வருஷத்தில் 30 நாள்கூட வேலை செய்யாமல், பெரும்பகுதி நாள் வேலை தேடிக்கொண்டோ அதற்குத் தயாராகவோ இருந்தவர்தான் அங்கே வேலையில்லாதவர். நம் நாட்டில் அப்படி இருக்க வீட்டில் யாராவது சோறு போடவேண்டும். ஏழையால் வேலையில்லாமல் இருக்க முடியாது, கிடைத்ததைச் செய்துதான் ஆகவேண்டும். படித்த பிள்ளைகளிடம் வேலையின்மை விகிதம் அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காக 11 கோடிப் பேரும் வேலையில்லாதவர்கள் என்று எழுதுவதும் தவறு. ‘கிடைத்தால் செய்வீர்களா?’ என்பது லேசான கேள்வி. கல்லூரி மாணவனும் ஆமாம் என்பான், கைக்குழந்தைக்காரியும் ஆமாம் என்பார். எவ்வளவு தூரத்தில், என்ன கூலிக்கு என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் 11 கோடி என்பது வேலைப் பசியின் அளவு, 2.2 சதவீதம் என்பது முழுப் பட்டினியின் அளவு. இரண்டையும் கழித்துப் பார்த்துச் சண்டை போடக்கூடாது.

வாரத்துல ஒரே ஒரு மணி நேரம் வேலை செஞ்சாலும் வேலையில் இருப்பவர்னு அரசாங்கம் எழுதுதாமே?

சென்ஸஸில் அப்படி இல்லை. நீங்கள் சொல்வது பி.எல்.எஃப்.எஸ். என்கிற காலமுறை உழைப்புப் படை ஆய்வு. 2017 ஏப்ரலில் தொடங்கியது. அதில் வருஷக் கணக்கும் உண்டு, வாரக் கணக்கும் உண்டு. வாரக் கணக்கில் ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்தால் வேலையில் இருப்பவர். இது நம் அரசு கண்டுபிடித்ததும் அல்ல, பன்னாட்டு வழக்கம். துளி உழைப்பும் நாட்டு உற்பத்திக் கணக்கில் விட்டுப்போகக்கூடாது என்பதற்காக வைத்தது. அப்படிப் பார்த்தால் மிஞ்சும் ‘வேலையின்மை’ என்பது ஒரு மணி நேரம்கூடக் கிடைக்காத நிலை மட்டும்தான்.

வாரக் கணக்கில்தான் எண் பெரிதாக வரும், வருஷக் கணக்கில் சிறிதாக. 2023-24 பி.எல்.எஃப்.எஸ். வருஷக் கணக்கில் 3.2 சதவீதம். 2025 ஏப்ரல் மாத அறிக்கை வாரக் கணக்கில் 5.1 சதவீதம். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ‘வேலையின்மை எகிறியது’ என்று வந்த பதிவுகளை என் மாணவர்களே எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். அடிக்கோல் மாறினால் ஆளின் உயரம் மாறிவிடாது.

மாசாமாசம் சர்வே வருதுன்னா பத்து வருஷத்துக்கு ஒரு தடவை சென்ஸஸ்ல எதுக்கு இதைக் கேக்கணும்?

2023-24 சர்வே பார்த்தது நாடு முழுக்க சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள். அதை வைத்து இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் சொல்லலாம், உங்கள் ஊராட்சிக்குச் சொல்ல முடியாது. எந்த ஒன்றியத்தில் விவசாயக் கூலி அதிகம், எந்தப் பேரூராட்சியில் வீட்டுத் தொழில் அதிகம் என்று ஊர்வாரியாகச் சொல்வது சென்ஸஸ் மட்டும்தான். நுணுக்கம் வேண்டுமென்றால் சர்வே, ஊர் ஊராக வேண்டுமென்றால் சென்ஸஸ். கேட்பவரும் வேறு: சர்வேக்கு வருகிறவருக்கு அதுவே தொழில், சென்ஸஸுக்கு வருகிறவர் என்னைப்போல மற்ற நாளில் கணக்குப் பாடம் நடத்துகிறவர்.

1961-ல வேலை செஞ்ச பெண்கள் 28 சதவீதம், 1971-ல அதுல பாதி. பத்து வருஷத்துல அத்தனை பெண்களும் வீட்டுக்குள்ள போயிட்டாங்களா?

போகவில்லை, கேள்வி மாறியது. 1951-ல் யார் சம்பாதிப்பவர், யார் பிறரைச் சார்ந்திருப்பவர் என்று வருமானத்தை வைத்துப் பிரித்தார்கள். 1961-ல் தாராளமாகப் போனார்கள். பருவ வேலை என்றால், அந்தப் பருவத்தின் பெரும்பகுதியில் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வழக்கமாக வேலை செய்தாலே தொழிலாளர். 1971-ல் ‘உங்கள் முக்கிய செயல்பாடு என்ன?’ என்று முதலில் கேட்டார்கள். வயலுக்கும் போய் வீட்டையும் பார்க்கும் பெண் ‘வீடுதான்’ என்றார், வயல் இரண்டாம்பட்சமாகிப்போனது.

தவறு தெரிந்து 1981-ல்தான் இப்போதைய முதன்மை, குறுகிய காலப் பிரிவினை வந்தது. எண் 19.7 சதவீதத்துக்கு ஏறியது. 1991-ல் ‘பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்யும் வேலையையும் சேர்த்து’ என்று கேள்வியிலேயே எழுதினார்கள், 22.3 ஆனது. ஆக 1961-லிருந்து கோடு இழுத்து ‘போக்கு’ என்று படம் காட்டும் புத்தகங்களைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 1981-க்குப் பின் ஒப்பிடுவது ஓரளவு பத்திரம்.

திருப்பூர்ல இருக்கிற பீகார்காரர் எந்த மாநிலக் கணக்கு? துபாய்ல இருக்கிற என் அண்ணன்?

கணக்கெடுப்புக் காலம் முழுக்கத் திருப்பூரில் இருந்தவர் திருப்பூர்க் கணக்கு. பீகாரில் அவர் வீட்டில் பெயர் கொடுத்தாலும் எழுதக்கூடாது. அந்தக் காலம் முழுக்க துபாயில் இருந்தவர் எந்த ஊர்க் கணக்கிலும் வரமாட்டார். அதனால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் வேலை செய்வோர் சதவீதம் குறைவாகத் தெரியும். சோம்பேறி ஊர் என்று நினைக்கவேண்டாம், உழைப்பவர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

வேலை, தொழில் எல்லாம் உண்மையைச் சொன்னா வருமான வரி, ரேஷன்ல பிரச்சினை வருமா? இல்ல, வேலை இல்லைன்னு சொன்னா அரசு வேலைதான் கிடைக்குமா?

இரண்டும் நடக்காது. 1948-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, நீங்கள் சொன்னது எழுதப்பட்ட படிவத்தை யாரும் பார்வையிட உரிமை கிடையாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் எடுக்க முடியாது. பதில் சொல்வது மட்டும் சட்டப்படி கடமை. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு ‘பையன் பேரை மேல எழுதுங்க சார்’ என்றார் ஒரு அம்மா. எப்படிச் சொல்லிப் புரியவைத்தேன் என்று இப்போது நினைவில்லை. காபி குடித்தது நினைவிருக்கிறது.

அடுத்த சென்ஸஸுக்கு எங்க வீட்டுக்கு ஆள் வந்தா நான் என்ன செய்யணும்?

2025 ஜூனில் வந்த அறிவிக்கைப்படி அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. பனி விழும் மலைப்பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1. முதலில் நடப்பது வீட்டுப்பட்டியல். சுவர், கூரை, கழிப்பறை, குடிநீர் பற்றிய கேள்விகள் அதில்தான். வேலை பற்றிய கேள்வி ஆட்களை எண்ணும் இரண்டாம் கட்டத்தில் வரும், ஆகவே முதல் முறை வந்தவர் கேட்கவில்லையே என்று குழம்பவேண்டாம். கைபேசிச் செயலியில் பதிவு, வீட்டிலிருந்தே தாமே நிரப்பும் வசதி என்று இந்த முறை புதிதாகச் சில வருகின்றன.

ஆள் வருவதற்கு முன்னால், போன வருஷம் வீட்டில் யார் யார் எத்தனை நாள் என்ன வேலை செய்தார்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பெண்களின் பதிலைப் பெண்களே சொல்லட்டும். திண்ணையில் இருக்கும் தாத்தாவிடம் விட்டுவிடாதீர்கள்.